கம்ஃப்ரி: மண்ணுக்கு உணவு, மனிதருக்கு அன்று

வீட்டுத் தோட்டம் என்பது தோட்டப்புறத் தமிழர்களின் வாழ்வோடு இணைந்த ஒன்று. மலாக்கா மாநிலத்தின் ஜாசின், மெர்லிமாவ், தெபோங், அலோர் காஜா ஆகிய வட்டாரங்களில் இருந்த ரப்பர்த் தோட்டங்களில், லயத்து வீட்டின் பின்புறம் ஒரு முருங்கை மரமும் ஒரு கறிவேப்பிலைச் செடியும் இல்லாத குடும்பத்தைக் காண்பது அரிது. குளித்த நீர் ஓடும் இடத்தில் வாழை வளர்ந்தது. வேலியோரம் அவரையும் பாகலும் படர்ந்தன. அவற்றுக்கு உரம் தேடி யாரும் கடைக்குச் செல்லவில்லை. மாட்டுக் கொட்டகையிலும் ஆட்டுப்பட்டியிலும் சேர்ந்த எருவே போதுமானதாக இருந்தது.

இன்று நிலைமை மாறிவிட்டது. பல குடும்பங்கள் தோட்டங்களை விட்டு நகரங்களில் உள்ள வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. மாடும் ஆடும் இல்லை, நிலமும் குறுகிவிட்டது. கத்தரியும் மிளகாயும் பூச்சாடிகளில் வளர்கின்றன. செடிகளுக்கு வேண்டிய சத்தை எங்கிருந்து பெறுவது? கடையில் விற்கும் உரத்தை வாங்கலாம். ஆனால், அதற்கு ஒவ்வொரு முறையும் பணம் செலவாகும். உரத்தையே ஒரு செடியாக வளர்த்துக்கொள்ள முடியுமானால் எவ்வளவு நன்மை! அத்தகைய செடிகளுள் ஒன்றாக உலகெங்கும் தோட்டக்காரர்கள் பேசும் செடிதான் கம்ஃப்ரி. அது நம் வெப்பமண்டலத்தில் வளருமா? அதனால் என்ன பயன்? அதில் மறைந்திருக்கும் ஆபத்து என்ன? இவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

செம்மண்ணின் பசி

முதலில் நம் மண்ணைப் பற்றி அறிந்துகொள்வோம். மலாக்கா நகரில் உள்ள ஆ ஃபமோசா கோட்டையின் எஞ்சிய வாயிலை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1511ஆம் ஆண்டு மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துகீசியர், செம்பாறாங்கற்களைக் கொண்டு அக்கோட்டையைக் கட்டினர். அக்கற்களின் சிவப்பு நிறத்துக்குக் காரணம் அவற்றில் உள்ள இரும்பு. மலாக்காவின் மேட்டு நிலங்கள் பலவற்றிலும் இதே செம்மண்ணையும் செம்மண் பரல்களையும் காணலாம்.

இம்மண் பார்ப்பதற்கு அழகானது. ஆனால், சத்துக் குறைந்தது. மலாக்காவில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 2,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மழைநீர் மண்ணில் இறங்கும்போது, அதில் கரையும் சத்துகளையும் தன்னோடு கீழே கொண்டு சென்றுவிடுகிறது. அதனால் மேல்மண் புளிப்புத்தன்மை மிகுந்ததாகவும் சத்தற்றதாகவும் ஆகிறது. வெப்பம் மிகுந்திருப்பதால் மட்கும் இலைதழைகளும் விரைவில் சிதைந்து மறைந்துவிடுகின்றன. எனவே, நம் மண்ணுக்குத் தொடர்ந்து தழை உணவு கொடுக்க வேண்டியுள்ளது.

இந்த உண்மையை ரப்பர்த் தோட்டங்களின் வரலாறும் நமக்கு உணர்த்துகிறது. மலாயாவில் வணிக நோக்கில் ரப்பர் மரம் முதன்முதலில் பயிரிடப்பட்ட இடம் மலாக்காதான். 1896ஆம் ஆண்டு டான் சாய் யான் என்பவர், புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கர் நிலத்தில் ரப்பர் நட்டார். சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ஹென்றி ரிட்லி அவருக்கு ஊக்கமளித்தார். பின்னர், புக்கிட் அசஹானில் பெரிய தோட்டம் ஒன்று உருவானது. தொடக்கக் காலத்தில், மரங்களுக்கு இடையே ஒரு புல்கூட இருக்கக்கூடாது என்று தோட்ட முதலாளிகள் கருதினர். தமிழ்த் தொழிலாளர்கள் மண்வெட்டி கொண்டு களைகளை ஓயாமல் அகற்றினர். நிலம் சுத்தமாகக் காட்சியளித்தது. ஆனால், பெருமழை பெய்தபோது, மூடுவதற்கு எதுவும் இல்லாத அந்த மேல்மண் சரிவுகளில் அடித்துச் செல்லப்பட்டது.

பின்னாளில் தோட்டங்கள் தங்கள் வழக்கத்தை மாற்றிக்கொண்டன. புவேரேரியா, சென்ட்ரோசீமா, கலபகோனியம் போன்ற கொடிகள் மரங்களுக்கு இடையே வளர்க்கப்பட்டன. இவை அவரை இனத்தைச் சேர்ந்தவை. இவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள், காற்றில் உள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு அளிக்கின்றன. கொடிகளின் இலைகள் உதிர்ந்து மட்கும்போது அச்சத்து மண்ணைச் சேர்கிறது. இன்றும் ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் இளங்கன்றுகளுக்கு இடையே இத்தகைய மூடுபயிர்களைக் காணலாம். மண்ணை வெறுமையாக விடக்கூடாது. மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணுக்கே திருப்பித் தர வேண்டும். பெரிய தோட்டங்கள் பட்டறிந்த இப்பாடம் சிறிய வீட்டுத் தோட்டத்துக்கும் பொருந்தும்.

கம்ஃப்ரியின் வரலாறு

கம்ஃப்ரி ஐரோப்பாவையும் மேற்கு ஆசியாவையும் தாயகமாகக் கொண்ட பல்லாண்டுச் செடி. நம் நாட்டில் சாலையோரங்களில் வளரும் தேள்கொடுக்குச் செடியும் கம்ஃப்ரியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. கம்ஃப்ரியின் இலைகள் நீண்டு அகன்றவை. தொட்டால் சொரசொரவென்று இருக்கும். பூக்கள் சிறு மணிகளைப் போலக் கொத்தாகத் தொங்கும். அதன் வேர் தடித்தது. வெளியே கறுப்பாகவும் உள்ளே வெண்மையாகவும் இருக்கும். நல்ல மண்ணில் ஒரு மீட்டருக்கும் மேல் ஆழமாக இறங்கும்.

இச்செடி உரச்செடியாகப் புகழ்பெற்ற கதை சுவையானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஹென்றி டபுள்டே என்பவர் வாழ்ந்தார். அஞ்சல் தலைகளின் பின்புறம் தடவும் பசை தயாரிப்பது அவரது தொழில். கம்ஃப்ரியின் வேரில் கொழகொழப்பான பொருள் இருப்பதை அறிந்த அவர், அதிலிருந்து பசை எடுக்கலாம் என்று எண்ணி, 1870களில் ரஷ்யாவிலிருந்து சில செடிகளை வரவழைத்தார். பசை கிடைக்கவில்லை. ஆனால், அச்செடிகள் வியக்கத்தக்க வேகத்தில் வளர்ந்ததைக் கண்டு, தம் வாழ்நாளின் எஞ்சிய காலத்தை அவற்றை ஆராய்வதிலேயே கழித்தார்.

அவர் விட்ட இடத்திலிருந்து லாரன்ஸ் ஹில்ஸ் என்பவர் தொடர்ந்தார். 1950களில் இங்கிலாந்தின் போக்கிங் என்னும் ஊரில் பலவகைக் கம்ஃப்ரிச் செடிகளை நட்டு ஒப்பிட்டார். அவற்றுள் சிறந்ததாக அவர் தெரிவு செய்த வகை, அவ்வூரின் பெயராலேயே ‘போக்கிங் 14’ என வழங்கப்படுகிறது. இவ்வகை முளைக்கும் விதைகளைத் தருவதில்லை. ஆகையால், விதை பரவித் தோட்டமெங்கும் களையாகிவிடும் என்ற அச்சம் இல்லை.

செடி எவ்வாறு உரமாகிறது?

செடிகளுக்கு வேண்டிய முதன்மைச் சத்துகள் மூன்று. இலை வளர்ச்சிக்கு உதவுவது தழைச்சத்தாகிய நைட்ரஜன். வேர் வளர்ச்சிக்கும் மணி பிடிப்பதற்கும் உதவுவது மணிச்சத்தாகிய பாஸ்பரஸ். பூவும் காயும் நன்கு அமைய உதவுவது சாம்பல் சத்தாகிய பொட்டாசியம். கம்ஃப்ரி இலையில் பொட்டாசியம் மிகுந்துள்ளது. மேலும், அவ்விலையில் நார்ப்பொருள் குறைவு. ஆதலால், அது வைக்கோலைப் போல மாதக் கணக்கில் கிடக்காமல் விரைவில் மட்கிவிடுகிறது.

ஆயினும், ஓர் உண்மையை இங்கு மறக்கக்கூடாது. கம்ஃப்ரி சத்தைப் புதிதாக உண்டாக்குவதில்லை. அவரை இனச் செடிகளைப் போலக் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடிக்கும் திறனும் அதற்கு இல்லை. வேர் எட்டிய இடத்தில் உள்ள சத்தை இலைக்குக் கொண்டு வருகிறது, அவ்வளவே. இலைகளை வெட்டி வெட்டி வேறு செடிகளுக்கு இட்டுக்கொண்டே இருந்தால், கம்ஃப்ரி நிற்கும் மண் ஒருநாள் வறண்டுபோகும். எனவே, உரம் தரும் செடிக்கும் உரம் வேண்டும். சமையலறைக் காய்கறிக் கழிவால் ஆன மட்குரத்தையோ ஆட்டெருவையோ அவ்வப்போது அதன் அடியில் இட வேண்டும்.

வெப்ப நிலத்தில் வளர்க்கும் முறை

கம்ஃப்ரி குளிர்நாட்டுச் செடி. கேமரன் மலையின் குளிர்ந்த காற்று அதற்கு ஏற்றது. மலாக்காவிலோ பகல் வெப்பம் 32 பாகை செல்சியசைத் தொடுகிறது. இரவிலும் குளிர் இல்லை. எனினும், சில முறைகளைப் பின்பற்றினால் இங்கும் அதை வளர்க்கலாம்.

முதலாவது, இடத்தேர்வு. காலை வெயில் படும் இடமாகவும் நண்பகலுக்குப் பின் நிழல் விழும் இடமாகவும் இருக்க வேண்டும். வீட்டின் கிழக்குப் பக்கம் இதற்குச் சிறந்தது. முழு வெயிலில் நட்டால் அகன்ற இலைகள் நண்பகலில் துவண்டுவிடும். முழு நிழலில் நட்டாலோ செடி மெலிந்து நோய்வாய்ப்படும்.

இரண்டாவது, மண் தயாரிப்பு. நம் செம்மண்ணின் புளிப்புத்தன்மையைக் குறைக்க டோலமைட் சுண்ணாம்பைக் கலந்து, இரண்டு மூன்று வாரங்கள் விட்டுவைக்க வேண்டும். பிறகு மட்குரம் சேர்க்க வேண்டும். மழைக்காலத்தில் நீர் தேங்கினால் கம்ஃப்ரியின் தடித்த வேர் அழுகிவிடும். இந்நாட்டில் இச்செடி மடிவதற்கு வெயிலைப் போலவே தேங்கும் நீரும் காரணமாகிறது. எனவே, பாத்தியைத் தரையைவிட ஒரு சாண் உயரமாக அமைக்க வேண்டும்.

பூச்சாடியில் வளர்ப்பது இன்னும் நல்லது. குறைந்தது 40 சென்டிமீட்டர் ஆழமும், அடியில் நீர் வடியும் துளைகளும் உள்ள சாடியாக இருக்கட்டும். தோட்ட மண் இரண்டு பங்கு, மட்குரம் ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு எனக் கலந்து நிரப்பலாம். சாடியில் வளர்ப்பதால் மற்றொரு நன்மையும் உண்டு. கம்ஃப்ரியின் வேரில் ஒரு சிறு துண்டு மண்ணில் தங்கினாலும் அது மீண்டும் முளைத்துவிடும். ஓரிடத்தில் வேரூன்றிவிட்டால் அதை முற்றாக அகற்றுவது கடினம். சாடியில் இருந்தால் அந்தத் தொல்லை இல்லை.

மூன்றாவது, நடுதல். விரல் பருமனும் ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர் நீளமும் உள்ள வேர்த்துண்டை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் படுக்கை வாட்டில் புதைக்க வேண்டும். தரையில் நட்டால் செடிக்குச் செடி 60 சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும். மண் ஈரமாக இருக்க வேண்டுமே தவிர, சேறாக இருக்கக்கூடாது. சில வாரங்களில் தளிர் வெளிவரும். செடியைச் சுற்றிக் காய்ந்த இலைகளைப் பரப்பினால் மண் சூடேறாமல் இருக்கும். மழை குறையும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் இது மிகவும் உதவும்.

முதல் சில மாதங்களுக்கு இலைகளை வெட்டாமல் வேர் வலுப்பெற விட வேண்டும். பிறகு ஐந்து ஆறு வாரங்களுக்கு ஒருமுறை, தரையிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் விட்டு வெட்டலாம். செடி சோர்ந்து காணப்பட்டால் வெட்டுவதை நிறுத்தி ஓய்வு கொடுக்க வேண்டும். இலையில் உள்ள நுண்மயிர்கள் தோலில் அரிப்பை ஏற்படுத்தக்கூடும். ஆதலால், கையுறை அணிந்துகொள்வது நல்லது.

உரம் செய்யும் வழிகள்

வெட்டிய இலைகளை மூன்று வகையில் பயன்படுத்தலாம். எளியது, மூடாக்கு. இலைகளை ஒருநாள் வாடவிட்டு, கத்தரி, மிளகாய், வெண்டை போன்ற காய்க்கும் செடிகளின் அடியில் பரப்பி, அதன்மேல் சிறிது மண்ணோ காய்ந்த புல்லோ இட வேண்டும். அடுத்தது, மட்குரக் குவியலில் சேர்த்தல். காய்ந்த சருகுகளுக்கு இடையே இவ்விலைகளை ஓர் அடுக்காக இட்டால் குவியல் சூடேறி விரைவில் மட்கும்.

மூன்றாவது, நீர்ம உரம். ஒரு கிலோகிராம் இலையை நறுக்கி, 15 லிட்டர் நீரில் ஊறவைக்க வேண்டும். நம் வெப்பத்தில் இரண்டு மூன்று வாரங்களில் இலை கரைந்துவிடும். வடிகட்டிய நீரை வளர்ந்த செடிகளின் வேரடியில் ஊற்றலாம். இளஞ்செடி என்றால் மேலும் அதே அளவு நீரைக் கலக்க வேண்டும். இதன் நாற்றம் கடுமையானது என்பதால் வீட்டைவிட்டுச் சற்றுத் தள்ளி வைப்பது நல்லது.

இங்கே ஒரு கவனம் தேவை. திறந்து கிடக்கும் நீர் கொசுக்களுக்குத் தொட்டில். டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு, வீட்டைச் சுற்றியுள்ள பாத்திரங்களில்தான் முட்டையிடுகிறது. வீட்டு வளாகத்தில் கொசுப்புழு காணப்பட்டால், நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிப்பதற்கான 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அபராதம் விதிக்கப்படலாம். ஆகவே, வாளியை இறுக மூடி வைக்க வேண்டும்.

ஏன் உண்ணக்கூடாது?

இக்கட்டுரையில் மிகவும் முக்கியமான பகுதி இது. கம்ஃப்ரி நெடுங்காலமாக ஐரோப்பாவில் எலும்பு முறிவுக்கு வெளிப்பூச்சாகப் பயன்பட்டது. நம்மவர் எலும்புக்குப் பிரண்டையை நாடுவதைப் போல, அவர்கள் கம்ஃப்ரியை நாடினர். இருபதாம் நூற்றாண்டில் சிலர் அதன் இலையைக் கீரையாகச் சமைத்தும் தேநீராகக் காய்ச்சியும் உட்கொள்ளத் தொடங்கினர். ‘உடல்நலம் தரும் மூலிகை’ என்று அது விற்கப்பட்டது.

பின்னர் உண்மை வெளிப்பட்டது. கம்ஃப்ரியின் வேரிலும் இலையிலும் பைரோலிசிடின் அல்கலாய்டு என்னும் நச்சுப்பொருள்கள் உள்ளன. வேரில் அவை மிகுதி. இலையிலோ முதிர்ந்ததைவிட இளந்தளிரில் அதிகம். உண்டவுடன் இந்நச்சு வாந்தியையோ மயக்கத்தையோ உண்டாக்கி நம்மை எச்சரிப்பதில்லை. அது கல்லீரலைச் சென்றடைந்து, அங்கே கேடு விளைவிக்கும் வேறொரு பொருளாக மாறுகிறது; கல்லீரலின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சிதைத்து அடைக்கிறது. சிறிது சிறிதாகப் பலநாள் உட்கொண்டாலும் பாதிப்பு சேர்ந்துகொண்டே போகும். அமெரிக்காவின் உணவு, மருந்து நிருவாகம் 2001ஆம் ஆண்டு, உட்கொள்ளும் கம்ஃப்ரிப் பொருள்களைச் சந்தையிலிருந்து அகற்றுமாறு உற்பத்தியாளர்களைக் கேட்டுக்கொண்டது.

இந்நச்சு எத்தகைய கேட்டை விளைவிக்கும் என்பதற்கு இந்தியாவில் நிகழ்ந்த ஒரு துயரமே சான்று. 1975ஆம் ஆண்டு, அப்போது மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்திருந்த சர்குஜா மாவட்டத்தில், கிராம மக்கள் பலர் வயிறு வீங்கிக் கல்லீரல் பாதிக்கப்பட்டு உயிரிழந்தனர். அவர்கள் உண்ட சாமையில் கிலுகிலுப்பை இனச் செடியின் விதைகள் கலந்திருந்ததை மருத்துவர்கள் கண்டறிந்தனர். கம்ஃப்ரியில் இருப்பதும் அவ்விதைகளில் இருப்பதும் ஒரே வகையைச் சேர்ந்த நச்சுகளே.

‘மூலிகைதானே, தீங்கு செய்யாது’ என்று எண்ணுவது தவறு. வெளுத்ததெல்லாம் பால் ஆகாது. பச்சையாக இருப்பதெல்லாம் மருந்தும் ஆகாது. எனவே, கம்ஃப்ரியை உண்ணவோ தேநீராகப் பருகவோ காயத்தின்மேல் வைத்துக் கட்டவோ கூடாது. ஆட்டுக்கும் கோழிக்கும் தீவனமாக இடுவதையும் தவிர்க்க வேண்டும். சாடியில் ‘உரச்செடி, உண்ணக்கூடாது’ என்று எழுதி வைத்தால், வீட்டுக்கு வரும் உறவினர் கீரையென எண்ணிப் பறிப்பதைத் தடுக்கலாம். நச்சுச் செடியின் தழை மட்கும்போது, அந்நச்சு சிறிதளவு பக்கத்துச் செடியின் வேர் வழியே ஏறக்கூடும் என்று அண்மைய ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே, கீரைப் பாத்தியில் கம்ஃப்ரித் தழையையோ நீரையோ இடாமல், பூச்செடிகளுக்கும் காய்க்கும் செடிகளுக்கும் மட்டும் இடுவது பாதுகாப்பானது.

நம் மண்ணுக்கேற்ற மாற்றுகள்

கம்ஃப்ரி கிடைக்காவிட்டாலோ வளராவிட்டாலோ கவலைப்பட வேண்டியதில்லை. அது செய்யும் பணியை நம் சூழலில் எளிதாக வளரும் தாவரங்களும் செய்கின்றன.

கிளிரிசிடியா எனப்படும் சீமை அகத்தியின் கிளையை வெட்டி ஈர மண்ணில் ஊன்றினாலே வேர்விடும். அது காற்றிலிருந்து நைட்ரஜனையும் பெற்றுத் தரும். அடிக்கடி கவாத்து செய்து தழையை மண்ணில் இடலாம். அதன் விதையும் பட்டையும் எலிகளைக் கொல்லப் பயன்பட்டவை என்பதால் அதுவும் மண்ணுக்கு மட்டுமே உரியது. அகத்தி நைட்ரஜனையும் தரும். அதன் கீரையை நாம் உண்ணவும் செய்யலாம். முருங்கையைக் கழிக்கும்போது விழும் தழையும் நல்ல மூடாக்கு. பொட்டாசியத்துக்கு வாழை இருக்கிறது. குலை வெட்டிய பின் தண்டைத் துண்டு துண்டாக நறுக்கிச் செடிகளின் அடியில் இட்டால், அது சத்தையும் ஈரத்தையும் ஒருங்கே தரும். லயத்து வீடுகளில் வாழ்ந்த நம் முன்னோர் வளர்த்த முருங்கையும் வாழையும் வயிற்றுக்கு உணவளித்ததோடு மண்ணுக்கும் உணவளித்தன.

முடிவுரை

ஒரு செடியை வளர்க்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். அது நம் மண்ணுக்கும் வெயிலுக்கும் மழைக்கும் ஏற்றதா? அது எந்தப் பணிக்கு உரியது? அதனால் யாருக்கேனும் தீங்கு உண்டா? கம்ஃப்ரியைப் பொறுத்தவரை, நிழலும் வடிகாலும் கொடுத்தால் மலாக்காவிலும் வளரும்; காய்க்கும் செடிகளுக்கு நல்ல தழையுரமாகும்; ஆனால், அதன் இடம் தோட்டத்தில்தான், சமையலறையில் அன்று. இவற்றை அறிந்து வளர்ப்போருக்கு அது நன்மை தரும். நம் வீட்டின் பின்புறம் ஒரு சாண் நிலம் இருந்தாலும், ஒரே ஒரு சாடி இருந்தாலும், அதிலுள்ள மண்ணைப் பசியோடு விடாமல் காப்பது நம் கடமையாகும்.